கண் சிவந்தா எல்லாமே மெட்ராஸ் ஐ தானா?

(இது ஒலிப்பதிவின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களையும், நடுவில் வந்த குக்கர் விசிலையும் மட்டும் எடுத்துவிட்டேன்.)

வழக்கமா இங்க வேலை, கோடிங், சம்பளம், இன்டர்வியூன்னு பேசிட்டிருப்போம். இன்னைக்குக் கண்ணைப் பத்திப் பேசப்போறோம். முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது, இன்ஜினியரிங் படிச்சவன். இந்த எபிசோடைக் கேட்டுட்டு யாரும் தானா மருந்து வாங்கிப் போட்டுக்காதீங்க. சொல்லப்போனா, அப்படிப் போட்டுக்காதீங்கன்னு சொல்றதுக்குத்தான் இந்த எபிசோடே.

கதை எனக்கு நடந்தது. அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

ஒரு சொட்டு மருந்து, அஞ்சு நாள்

ரெண்டு வருஷம் முன்னாடி, நவம்பர் மாசம், சென்னையில நல்ல மழை. எங்க ரூம்ல மூணு பேர். முதல்ல ஒருத்தனுக்கு மெட்ராஸ் ஐ வந்துச்சு. வீட்டுக்குள்ளயே கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு சுத்திட்டிருந்தான். நாங்க ஓட்டிட்டிருந்தோம். ஒரு பத்து நாள்ல அவனுக்கு சரியாயிடுச்சு.

அடுத்த வாரம் என்னோட இடது கண்ணு சிவந்துச்சு. வேற யோசனையே வரல. அவன்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அன்னைக்கு ராத்திரி ஆபீஸ்ல ரிலீஸ் வேற. லீவு கேக்கற நிலைமை இல்ல. தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "அண்ணா, கண்ணு சிவந்திருக்கு"ன்னேன். ஒரு சின்ன பாட்டிலைக் குடுத்தாரு. சீட்டும் கேக்கல, நானும் பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கல.

மருந்து பிரமாதமா வேலை செஞ்சுச்சு. அதுதான் பிரச்சினையே. ரெண்டே நாள்ல சிவப்பு பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு, உறுத்தலும் போச்சு. ரூம்மேட்கிட்ட "நீ பத்து நாள் கஷ்டப்பட்ட, நான் ரெண்டே நாள்ல முடிச்சேன்"னு பெருமை வேற பேசினேன்.

அஞ்சாவது நாள் காலையில டியூப் லைட்டைப் பாக்க முடியல. மானிட்டரை டார்க் மோடுல வச்சும் கூசுச்சு. இடது கண்ணால மட்டும் பாத்தா, எழுத்தெல்லாம் பனிக்குள்ள இருக்கற மாதிரி கலங்கி இருந்துச்சு. சிவப்பு குறைஞ்சிருக்கு, ஆனா பார்வை மோசமாகுது. இது எப்படின்னு எனக்குப் புரியல. அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு, "கண்ணு விஷயம்டா, அதுல விளையாடாத. ஆபீஸ் எங்கயும் போயிடாது, இப்பவே கிளம்பு"ன்னாங்க.

கண் டாக்டர் முதல்ல கேட்ட கேள்வி, "என்ன மருந்து போட்டீங்க?" பாட்டிலைக் காட்டினேன். திருப்பிப் பாத்துட்டு, "இதுல ஸ்டீராய்டு இருக்கே, யாரு எழுதிக் குடுத்தா?"ன்னாங்க. நான் பதில் சொல்லல.

அப்புறம் பஞ்சு நுனியைத் திரிச்சு, என் கருவிழியை லேசா தொட்டாங்க. வலது கண்ணுல தொட்டப்போ துடிச்சுப்போய் மூடிக்கிட்டேன். இடது கண்ணுல தொட்டப்போ பெருசா ஒண்ணும் தெரியல. "இதுல வலிக்கவே இல்ல மேடம்"னு ஏதோ நல்ல செய்தி மாதிரி சொன்னேன். அவங்க சிரிக்கல. கருவிழி உடம்புலயே உணர்ச்சி அதிகமா இருக்கற இடங்கள்ல ஒண்ணு. அங்க தொட்டு வலிக்கலன்னா அது நல்ல அறிகுறி கிடையாது.

கடைசியா ஒரு ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணுல வச்சு, நீல விளக்குல பாத்தாங்க. அந்தச் சாயத்துக்குப் பேரு ஃபுளோரசீன். கருவிழியின் மேல்தோல் எங்க கிழிஞ்சிருக்கோ அங்க அது ஒட்டிக்கிட்டுப் பச்சையா ஒளிரும். என் கண்ணுல தெரிஞ்சதை போன்ல படம் எடுத்துக் காட்டினாங்க. பச்சை நிறத்துல ஒரு குட்டி மரம். தண்டு, அதுல இருந்து கிளை, ஒவ்வொரு கிளை நுனியிலயும் ஒரு சின்ன மொட்டு.

காலேஜ்ல நாலு வருஷம் ட்ரீ டேட்டா ஸ்ட்ரக்சர் படிச்சவன் நான். அது என் கண்ணுக்குள்ள முளைக்கும்னு நினைக்கல. அந்த மரத்தை வரைஞ்சது ஹெர்பிஸ் வைரஸ்.

சிவப்புங்கறது ஒரு அலாரம்தான்

இப்போ கொஞ்சம் நிதானமா விளக்கம் பாப்போம். கண் ஏன் சிவக்குது? கண்ணோட வெள்ளைப் பகுதிக்கு மேல மெல்லிசா ஒரு தோல் இருக்கு. விழிவெண்படலம்னு பேரு. அதுக்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஓடுது. ஏதாவது தொந்தரவுன்னா உடம்பு அந்தக் குழாய்களை விரிக்கும், வெள்ளை அணுக்களை அனுப்பும். சிவப்பு, வீக்கம், சூடு, வலி எல்லாம் சேர்ந்ததுக்குத்தான் அழற்சின்னு பேரு.

அந்தத் தொந்தரவு என்னவா வேணும்னாலும் இருக்கலாம். வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை, அமீபா, தூசி, அலர்ஜி, கண் அழுத்தம் திடீர்னு ஏறறது. இல்ல, வெளியில இருந்து யாருமே வராம உடம்போட நோய் எதிர்ப்பு அமைப்பே தப்பாப் புரிஞ்சுக்கிட்டுக் கண்ணைத் தாக்கறது. எல்லாத்துக்கும் வெளிய தெரியறது ஒரே சிவப்புதான். நம்ம பாஷையில சொன்னா, நூறு விதமான பக்குக்கு ஒரே எரர் மெசேஜ்.

அதனால டாக்டர் முன்னாடி இருக்கற முதல் கேள்வி, இது கிருமியால வந்ததா, இல்ல கிருமி இல்லாத வெறும் அழற்சியா? இது ஏன் முக்கியம்னா, ரெண்டுக்கும் சிகிச்சை எதிரெதிர் திசையில போகும். கிருமின்னா அதைக் கொல்லணும், உடம்போட படையை நடமாட விடணும். வெறும் அழற்சின்னா அந்தப் படையையே அடக்கணும். அடக்கற வேலையைச் செய்யறதுதான் ஸ்டீராய்டு.

கிருமி இருக்கற கண்ணுல ஸ்டீராய்டு போட்டா என்ன ஆகும்? படை அடங்கிடும். சிவப்பு குறையும், வலி குறையும், நமக்கு நிம்மதியா இருக்கும். உள்ள கிருமி எதிர்ப்பே இல்லாம பெருகும். என் கதையில நடந்தது இதுதான். அலாரம் சத்தம் தாங்கலன்னு ஒயரைப் பிடுங்கிட்டேன், வீட்டுக்குள்ள இருக்கற திருடனைப் பாக்கல.

அப்போ மெட்ராஸ் ஐன்னா என்ன?

பேர்லயே ஊர் இருக்கறதால இதை விட்டுட்டுப் போக முடியாது. 1918இல் மெட்ராஸ்ல இது பெரிய அளவுல பரவினப்போ வந்த பேருன்னு சொல்வாங்க. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி அதுக்கும் முன்னாடி 1819லயே ஆரம்பிச்சது, உலகத்துலயே பழமையான கண் மருத்துவமனைகள்ல ஒண்ணு.

மருத்துவ ரீதியா இது விழிவெண்படலத்துல வர்ற வைரஸ் தொற்று. பெரும்பாலும் அடினோ வைரஸ். சில நேரம் எண்டிரோ வைரஸ் வகைகள். அந்த வகையில கண்ணுல ரத்தத் திட்டுகூடத் தெரியும். 1969இல் கானாவுல அந்த வகை முதல் தடவையா பெருசா பரவினப்போ நிலாவுக்கு மனுஷன் போன நேரம். அதனால அங்க அதுக்கு அப்போலோ 11 நோய்னே பேரு வச்சுட்டாங்க. ஊருக்கு ஊரு ஒரு பேரு, எல்லாருக்கும் அதே அரிப்பு.

ஒருத்தரோட கண்ணைப் பாத்தாலே ஒட்டிக்கும்னு சொல்றது கட்டுக்கதை. கையால, துண்டால, தலையணை உறையால, கதவுக் கைப்பிடியால பரவும். அடினோ வைரஸ் காஞ்ச பரப்புல பல நாள் உயிரோட இருக்கும். ஆல்கஹால் சானிடைசர் இதுகிட்ட அவ்வளவா எடுபடாது. சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவறதுதான் நல்லது. கூலிங் கிளாஸ் கூச்சத்துக்கு உதவும், கையைக் கண்ணுகிட்ட கொண்டுபோகாம ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான்.

சாதாரண மெட்ராஸ் ஐக்கு வைரஸைக் கொல்ற மருந்துன்னு ஒண்ணு நடைமுறையில இல்ல. ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா போகும். சுத்தமான குளிர்ந்த துணி ஒத்தடம், கண்ணீர் மாதிரியான சொட்டு மருந்து, தனித் துண்டு, லீவு. ஆண்டிபயாடிக் வைரஸை ஒண்ணும் பண்ணாது. சில பேருக்கு மட்டும் இது கருவிழி வரைக்கும் போய், சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளை விட்டுட்டுப் போகும். பல வாரம் பார்வை மங்கலா இருக்கும். அதுக்கு ஸ்டீராய்டு தேவையா இல்லையாங்கறதை டாக்டர் பாத்து முடிவு பண்ணணும்.

மெட்ராஸ் ஐல கண்ணு உறுத்தும், தண்ணி கொட்டும், காலையில இமை ஒட்டிக்கும். ஆனா பெரும்பாலும் பார்வை தெளிவாத்தான் இருக்கும். கடுமையான வலி வர்றதில்ல. இந்த ரெண்டு வரியை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. கடைசியில திரும்ப வருவோம்.

கண்ணுல பூ விழறது

ஊர்ல பெரியவங்க "கண்ணுல பூ விழுந்துடுச்சு"ன்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. கருவிழி மேல வெள்ளையா ஒரு தழும்பு. கேக்க அழகான வார்த்தை, ஆனா அதுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு கருவிழிப் புண் இருக்கும்.

கருவிழி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கறதுக்குக் காரணம், அதுல ரத்தக்குழாயே கிடையாது. அதுக்குள்ள கொலாஜன் இழைகள் அச்சுப் பிசகாம வரிசையா அடுக்கியிருக்கு. ஆழமா புண் வந்து ஆறும்போது அந்த அடுக்கு பழையபடி வராது, தழும்பாத்தான் ஆறும். கையில தழும்புன்னா சட்டைக்குள்ள மறைச்சுக்கலாம். கருவிழி நடுவுல தழும்புன்னா, வாழ்க்கை முழுக்க அது வழியாத்தான் பாக்கணும். கிருமியைக் கொன்னுட்டாலும் தழும்பு நிக்கும். அதனாலதான் இங்க ஒவ்வொரு நாளும் கணக்கு.

நம்ம பக்கத்துல இது எவ்வளவு பெரிய விஷயம்னா, மதுரை மாவட்டத்துல 1993ஆம் வருஷத்தை வச்சு எடுத்த ஒரு கணக்குல, ஒரு லட்சம் பேருக்கு வருஷத்துக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருக்கு. அமெரிக்காவுல அதே மாதிரி எடுத்த கணக்கை விட இது ஏறத்தாழ பத்து மடங்கு. வயல் வேலையில நெல் தாளோ, கரும்புத் தோகையோ, மாட்டு வாலோ கண்ணுல அடிச்சிடும். அந்தச் சின்னக் கீறல் வழியா பூஞ்சை உள்ள போயிடும். மதுரையில நடந்த ஆய்வுகள்ல பாக்டீரியாவுக்குச் சமமா பூஞ்சையும் இருந்தது. ஃபியூசேரியம், அஸ்பர்ஜில்லஸ்னு ரெண்டு பேரு அடிக்கடி வரும்.

பூஞ்சைப் புண்ணுல ஸ்டீராய்டு போடறது காஞ்ச வைக்கோல்ல தீ வைக்கற மாதிரி. அதனால மருந்துக்கு முன்னாடி டாக்டர்கள் புண்ணை லேசா சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்ல பாப்பாங்க. பூஞ்சை இழை இருந்தா அங்கயே தெரிஞ்சிடும். மீதியைக் கல்ச்சருக்கு அனுப்புவாங்க. செலவு குறைஞ்ச, பழைய பரிசோதனை. ஆனா சிகிச்சையோட திசையே அதுலதான் முடிவாகுது.

இதுல நாம பெருமைப்பட வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. பூஞ்சைப் புண்ணுக்குப் பழைய நாட்டாமைசின் சொட்டு மருந்து நல்லதா, புதுசான வோரிகோனசோல் நல்லதான்னு உலகத்துக்கே பதில் சொன்ன ஆய்வு நம்ம ஊர்ல நடந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 323 நோயாளிகளை வச்சு நடத்தி, 2013இல் வெளியிட்டாங்க. ஜெயிச்சது பழைய மருந்து. குறிப்பா ஃபியூசேரியத்துக்கு நாட்டாமைசின்தான் தெளிவா முன்னாடி நின்னது. புது வெர்ஷன்தான் நல்ல வெர்ஷன்னு நினைக்கற எங்க துறைக்காரங்களுக்கு நல்ல பாடம்.

சிட்டியில இருக்கோம், வயலுக்கா போறோம்னு கேக்கறீங்களா? நமக்கு கான்டாக்ட் லென்ஸ் இருக்கு. லென்ஸோட தூங்கறது, லென்ஸ் டப்பாவைக் குழாய்த் தண்ணியில கழுவறது, லென்ஸோட நீச்சல் குளத்துல இறங்கறது. இது மூணும் கருவிழித் தொற்றுக்கு நேர் வழி. சூடோமோனாஸ்ங்கற பாக்டீரியா ஒண்ணு ரெண்டு நாள்லயே கருவிழியைக் கரைச்சுடற வேகத்துல போகும். தண்ணியில இருக்கற அகாந்தமீபான்னு ஒரு அமீபா இருக்கு. பாக்கறதுக்குப் புண் சின்னதா இருக்கும், வலி மட்டும் தாங்க முடியாது. அதுக்கு மாசக்கணக்குல மருந்து போடணும். லென்ஸ் போடற யாருக்காவது கண் சிவந்து வலிச்சா முதல் வேலை லென்ஸைக் கழட்டறது, ரெண்டாவது வேலை அன்னைக்கே டாக்டரைப் பாக்கறது. கழட்டின லென்ஸையும் டப்பாவையும் தூக்கிப் போடாதீங்க, கொண்டுபோங்க. கிருமி எதுன்னு அதுல இருந்தும் கண்டுபிடிக்கலாம்.

கையோட இன்னொண்ணு. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு இதெல்லாம் வீட்டுல அன்போடதான் சொல்லுவாங்க. கீறல் விழுந்த கருவிழிக்கு அதுல எதுவுமே சுத்தமானது கிடையாது. கோவிச்சுக்காம மறுத்துடுங்க.

என் வைரஸ் எங்க ஒளிஞ்சிருந்தது?

எனக்கு வந்தது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை. பேரைக் கேட்டதும் நானும் பயந்தேன், வேற அர்த்தத்துல. டாக்டரே சிரிச்சிட்டு, "உதட்டோரம் காய்ச்சலுக்கு அப்புறம் கொப்புளம் வருமே, அதே ஆளுதான்"னாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 50 வயசுக்குக் கீழ இருக்கறவங்கள்ல மூணுல ரெண்டு பேருக்கு இந்த வைரஸ் உடம்புல இருக்கு. நிறையப் பேருக்குச் சின்ன வயசுலயே வந்திருக்கும், தெரிஞ்சே இருக்காது.

அது முகத்துக்கு உணர்ச்சி கொண்டுபோற நரம்போட முடிச்சுல போய்ப் படுத்துக்கும். காய்ச்சல், உடம்பு அசதி மாதிரி நேரங்கள்ல எழுந்து அந்த நரம்பு வழியாவே கண்ணுக்கு இறங்கி வரும். அந்த நரம்பைத்தான் அது கெடுக்குது. பஞ்சு தொட்டும் எனக்குத் தெரியாம போனதுக்குக் காரணம் அதுதான்.

எனக்குக் குடுத்தது ஏசைக்ளோவிர் களிம்பு, ஒரு நாளைக்கு அஞ்சு தடவை. ஸ்டீராய்டை உடனே நிறுத்தச் சொன்னாங்க. நாலு நாள் கழிச்சுத் திரும்ப வரச் சொல்லி, அதே நீல விளக்குல பாத்தாங்க. மரம் இளைச்சிருந்தது. அந்த மருந்து இன்னும் கொஞ்ச நாள் உள்ள போயிருந்தா, கிளைகள் ஒண்ணா சேர்ந்து வரைபடத்துல இருக்கற தேசம் மாதிரி பெரிய புண்ணா விரிஞ்சிருக்கும்னு சொன்னாங்க.

ஸ்டீராய்டு வில்லனா?

இல்ல. இங்கதான் விஷயம் இன்னும் சுவாரசியமாகுது.

என் வைரஸ் மேல்தோலோட நின்னுடுச்சு. அதே வைரஸ் கருவிழியோட உள் அடுக்குக்குப் போயிட்டா, அங்க சேதத்துல பெரும்பங்கு நம்ம எதிர்ப்பு அமைப்போட கோபத்தால வருது. அங்க ஸ்டீராய்டுதான் பார்வையைக் காப்பாத்துது. அமெரிக்காவுல 106 நோயாளிகளை வச்சு நடந்து 1994இல் வெளிவந்த ஆய்வுல, வைரஸ் மருந்தோட சேர்த்து ஸ்டீராய்டு சொட்டையும் போட்டப்போ, நோய் நீடிக்கற அல்லது மோசமாகற ஆபத்து 68 சதவீதம் குறைஞ்சுது. அதே கண், அதே வைரஸ். ஒரு அடுக்குல போடக்கூடாத மருந்து, அடுத்த அடுக்குல போட்டே ஆகவேண்டிய மருந்து. கருவிழியோட மொத்த தடிமனே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். அந்த வித்தியாசத்தை மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நின்னுக்கிட்டு யாராலும் பாக்க முடியாது. அதுக்குத்தான் ஸ்லிட் லாம்ப்.

கிருமியே இல்லாத அழற்சிக்கு நல்ல உதாரணம் யூவியைட்டிஸ். கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் நிறைஞ்ச ஒரு அடுக்கு இருக்கு, யூவியான்னு பேரு. அதுல வர்ற அழற்சி. கருவிழியைச் சுத்தி ஒரு வளையமா சிவக்கும், ஆழமா வலிக்கும், வெளிச்சம் பிடிக்காது. பீளை இருக்காது. ஸ்லிட் லாம்போட மெல்லிய ஒளிக்கதிரை உள்ள விட்டா, பழைய தியேட்டர்ல ப்ரொஜெக்டர் வெளிச்சத்துல தூசி மிதக்கற மாதிரி, கண்ணோட நீருக்குள்ள வெள்ளை அணுக்கள் மிதக்கறது தெரியும். டாக்டர்கள் அதை எண்ணி கிரேடு போடுவாங்க.

முன்பக்க யூவியைட்டிஸுக்கு ஸ்டீராய்டு சொட்டு முதல் மருந்து. ஆரம்பத்துல மணிக்கு ஒரு தடவைகூடப் போடச் சொல்வாங்க. கூடவே கண்மணியை விரிக்கற மருந்தும் குடுப்பாங்க. அது வலியைக் குறைக்கும், கண்மணி பின்னாடி இருக்கற லென்ஸோட ஒட்டிக்காம பாத்துக்கும். அப்புறம் வாரக்கணக்குல படிப்படியா குறைப்பாங்க. சரியாயிடுச்சுன்னு நீங்களா திடீர்னு நிறுத்தினா திரும்ப வரும். ஆக, இந்த எபிசோடைக் கேட்டு பயந்து, டாக்டர் எழுதிக் குடுத்த ஸ்டீராய்டை நிறுத்தினீங்கன்னா அதுவும் என்னோட தப்பு மாதிரியே ஒரு தப்புதான்.

யூவியைட்டிஸ்ல இன்னொரு விஷயம், கண் டாக்டர் திடீர்னு "காலையில எழுந்ததும் கீழ் முதுகு இறுக்கமா இருக்கா?"ன்னு கேப்பாங்க. சம்பந்தம் இருக்கு. முதுகெலும்பைப் பாதிக்கற ஒரு வகை மூட்டு அழற்சியும் இதுவும் ஒரே மரபணுக் குறியோட சேர்ந்து வரும், எச்எல்ஏ-பி27னு பேரு. இருபது முப்பது வயசுக்காரங்களுக்குத்தான் அதிகம். நாற்காலியைக் குத்தம் சொல்லிட்டிருக்கற நம்ம முதுகுவலிக்குக் கண் டாக்டர் விடை கண்டுபிடிக்கறதும் நடக்கும்.

ஆனா இந்தியாவுல யூவியைட்டிஸுன்னா கிருமியையும் விலக்கிப் பாத்தாகணும். காசநோய் கண்ணுக்குள்ள இப்படி வரும். 1993இல் மதுரைப் பக்கம் கனமழை, வெள்ளம். அதுக்கப்புறம் யூவியைட்டிஸ் நோயாளிகள் திடீர்னு குவிஞ்சாங்க. அரவிந்த் டாக்டர்கள் தேடிப் பாத்தப்போ காரணம் லெப்டோஸ்பைரோசிஸ், வெள்ளத் தண்ணியில கலந்த எலி சிறுநீர் வழியா பரவற எலிக்காய்ச்சல். தண்ணி வடிஞ்சாலும் கண்ணுல அதோட தடம் பின்னாடி வந்து நின்னுது. அதனால பெரிய மருந்துகளைத் தொடறதுக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைன்னு கேட்டா, எதுக்கு இவ்வளவு டெஸ்ட்டுன்னு சலிச்சுக்காதீங்க.

பாட்டிலைத் திருப்பிப் படிங்க

நடைமுறைக்கு வருவோம். ஆண்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்த சொட்டு மருந்துகள் நிறைய இருக்கு. சில பிராண்டுல ஸ்டீராய்டு இல்லாததுக்கும் இருக்கறதுக்கும் பேர்ல ஒண்ணு ரெண்டு எழுத்துதான் வித்தியாசம். அதனால பெரிய எழுத்துல இருக்கற பிராண்டை விட்டுட்டு, கீழ சின்ன எழுத்துல இருக்கற மருந்துப் பேரைப் படிங்க. டெக்ஸாமெதசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெதசோன், ஃபுளோரோமெதலோன், லோட்டிப்ரெட்னால், டைஃபுளுப்ரெட்னேட். இதுல எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. மாக்ஸிஃபுளாக்சசின், டோப்ராமைசின் மாதிரிப் பேர்கள் ஆண்டிபயாடிக்.

கிருமி இல்லாத கண்ணுலயும் ஸ்டீராய்டை மாசக்கணக்குல கேட்பார் இல்லாம போட்டா ரெண்டு ஆபத்து. ஒண்ணு, கண் அழுத்தம். மூணுல ஒருத்தருக்கு ஸ்டீராய்டால அழுத்தம் ஓரளவாவது ஏறும், சிலருக்கு ரொம்பவே ஏறும். அதை வலியே இல்லாம விட்டா கிளாக்கோமா, போன பார்வை திரும்பாது. ரெண்டாவது, இளம் வயசுலயே கண்புரை. அலர்ஜிக்காக ஒரே பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்குல மருந்து வாங்கறவங்க உங்க வீட்டுல இருந்தா, ஒரு தடவை கண் அழுத்தம் பாக்கச் சொல்லுங்க.

திறந்த சொட்டு மருந்தை ஒரு மாசத்துக்கு மேல வச்சுக்காதீங்க. ஒருத்தர் பாட்டிலை இன்னொருத்தர் போடாதீங்க.

கண் சிவந்தா, கூகுள் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க:

1. நல்ல கண்ணை மூடிட்டு, சிவந்த கண்ணால போன்ல ஒரு வரி படிங்க. பார்வை மங்கலா இருந்தா காத்திருக்காதீங்க.
2. உறுத்தல் வேற, வலி வேற. வலின்னா காத்திருக்காதீங்க.
3. வெளிச்சத்தைப் பாக்க முடியல, இல்ல கருவிழியில வெள்ளைப் புள்ளி தெரியுது.
4. கான்டாக்ட் லென்ஸ் போடறீங்க.
5. கண்ணுல ஏதாவது அடிச்சுது, செடி, தூசி, இரும்புத்தூள் எதுவா இருந்தாலும் சரி.
6. சமீபத்துல கண் ஆபரேஷன் நடந்திருக்கு. வீட்டுப் பெரியவங்களுக்குப் புரை ஆபரேஷன் பண்ணி சில நாள்ல கண் சிவந்து, வலிச்சு, மங்கினா, அது கண்ணுக்குள்ளயே தொற்றா இருக்கலாம். ராத்திரியா இருந்தாலும் ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்க.
7. முன்னாடி ஒரு தடவை ஹெர்பிஸோ யூவியைட்டிஸோ வந்திருக்கு.

இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே கண் டாக்டர். ஒண்ணும் இல்லன்னா, சோப்பு, தனித் துண்டு, ரெண்டு மூணு நாள் பொறுமை. குறையலன்னா அப்பவும் டாக்டர்தான்.

இப்போ என் கண்

புண் ரெண்டு வாரத்துல ஆறிடுச்சு. பார்வை கிட்டத்தட்ட முழுசா திரும்பிடுச்சு. கிட்டத்தட்டன்னு ஏன் சொல்றேன்னா, கருவிழியில ஓரமா ஒரு மெல்லிய தழும்பு இருக்கு. பகல்ல தெரியாது. ராத்திரி ஓஎம்ஆர்ல வண்டி ஓட்டும்போது எதிர்ல வர்ற ஹெட்லைட் இடது கண்ணுல மட்டும் கொஞ்சம் சிதறும். ஒவ்வொரு தடவையும் அந்த மெடிக்கல் ஷாப் கவுண்டர் ஞாபகத்துக்கு வரும்.

அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. முழுக்க இல்லன்னு சொல்ல முடியாது, ஆனா பாட்டிலைப் படிக்காதவன் நான். ஆபீஸ்ல ஒரு வரி கோட் மாத்தணும்னாலும் ரெண்டு பேரு ரிவ்யூ பண்ணாம புரொடக்‌ஷனுக்கு விடமாட்டேன். என் கண்ணுக்கு அந்த மரியாதையை நான் குடுக்கல.

அந்த வைரஸ் என் நரம்பு முடிச்சுல இன்னமும் படுத்திருக்கு. திரும்ப வரலாம். 703 நோயாளிகளை வச்சு 1998இல் வந்த ஒரு ஆய்வுல, ஏசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரையைத் தினம் ரெண்டு வேளை ஒரு வருஷம் எடுத்தவங்கள்ல 19 சதவீதம் பேருக்குத்தான் திரும்ப வந்தது. வெறும் மாத்திரை எடுத்தவங்கள்ல 32 சதவீதம். எனக்கு இது முதல் தடவைங்கறதால தினசரி மாத்திரை வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. திரும்ப சிவந்தா சொட்டு மருந்து எதையும் தொடாம நேரா வரச் சொல்லியிருக்காங்க. அவங்க நம்பரை "கண்"ணுன்னு சேவ் பண்ணி வச்சிருக்கேன்.

இந்த எபிசோடைக் கேட்டு முடிச்சதும் ஒரே ஒரு வேலை. உங்க பிரிட்ஜ்லயோ அலமாரியிலயோ பாதி தீர்ந்த கண் சொட்டு மருந்து ஒண்ணு கட்டாயம் இருக்கும். எடுங்க, சின்ன எழுத்தைப் படிங்க, திறந்து ஒரு மாசம் ஆகியிருந்தா தூக்கிப் போடுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம். கண்ணைத் தேய்க்காதீங்க.